மூன்றாவது மணிக்குப் பிறகு ஒரு ‘ச்சே’

மேடையில் வீற்றிருக்கும் தயாரிப்பாளர் நந்தகுமார் ரேளே அவர்களே! நாடகாசிரியர் கேதகி சோனால்கர் அவர்களே! விளக்கு போடுகிறவர்களே, திரை இழுக்கிறவர்களே, எங்கள் முகத்தில் பூச்சு பூசி எங்களைப் பார்க்கும்படி ஆக்குகிறவர்களே! இந்த தாதர் அரங்குக்குள் முதன்முறையாக டிக்கெட் இல்லாமல் வந்து, அதற்காகவே கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் ரசிகப் பெருமக்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், எங்கள் அத்தனை பேருக்கும் அண்ணியான குசும் வஹினி அவர்களே! அச்யுத் பர்வேயின் வணக்கம்.

என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நடிகன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் என்பது, பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்திரு என்பதைப் போல. நான் நேரமெடுத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன். ரேளே சாஹேப் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள், நன்றாகப் பாருங்கள்.

ஸ்ரீபாத் மைஸ்கர் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை போய்விட்டார். மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வந்தது: ‘மூத்த குணச்சித்திர நடிகர், இந்திப் படங்களிலும் நடித்தவர், வயது எழுபத்து நான்கு.’ கூடவே ஒரு படம். அந்தப் படத்தில் முன்னால் ஒரு கதாநாயகன் நிற்கிறான். அவனுடைய காது நம் ஸ்ரீபாத்ராவின் பாதி முகத்தை மறைக்கிறது. நாற்பத்தைந்து வருடம் நடித்த ஒரு மனிதருக்கு, மறைக்காத ஒரு படம்கூடவா கிடைக்கவில்லை?

கிடைக்காது! ஏன் தெரியுமா? அவர் மாற்று நடிகர்.

நாடகக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரசிகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாடகம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், அல்லது இந்திப் படத்தில் வாய்ப்பு வரும், அல்லது தயாரிப்பாளரோடு சண்டை வரும். அடுத்த காட்சி சனிக்கிழமை. இன்று புதன். என்ன செய்வது? ‘மைஸ்கரைக் கூப்பிடு!’ மூன்றே நாளில் வசனம் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார். நாற்பத்தொரு நாடகங்கள்! நாற்பத்தொன்றிலும் வேறொருவர் உருவாக்கிய பாத்திரம், வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டை, வேறொருவர் கால் அளவுச் செருப்பு. முதல் காட்சி அழைப்பிதழில் அவர் பெயர் அச்சானதே இல்லை, எழுபத்து மூன்று வயது வரை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இங்கே திரை விலகுவதற்கு முன்னால் மூன்றாவது மணி அடித்ததும் அறிவிப்பு வரும் அல்லவா? ‘ரசிகர்களின் கவனத்துக்கு. இன்றைய காட்சியில் இன்னாருக்குப் பதிலாக ஸ்ரீபாத் மைஸ்கர் நடிக்கிறார்.’ உடனே அரங்கிலிருந்து ஒரு சத்தம் எழும். ‘ச்சே!’

நீங்கள்தான் போடுவீர்கள் அந்தச் சத்தத்தை. உங்களைக் குறை சொல்லவில்லை. தானே புறநகரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயிலில் இடிபட்டு வந்தவன் ‘ச்சே’ என்றுதான் சொல்வான். ஆனால் அந்தச் சத்தத்தைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு மேடையேற எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியுமா? சத்தியமாக முடியாது! அவர் நாற்பத்தைந்து வருடம் ஏறினார்.

இந்தி சினிமாவிலும் இதே கதைதான். அவரிடம் ஒரு பெரிய தோல்பை இருந்தது. அதில் மூன்று உடைகள் எப்போதும் தேய்த்து மடித்திருக்கும்: காக்கிச் சீருடை, டாக்டரின் வெள்ளைக் கோட்டு, நீதிபதியின் கறுப்பு அங்கி. யார் வராவிட்டாலும் சரி, இவர் தயார். கடைசிக் காட்சியில் எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கும் இன்ஸ்பெக்டர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே ‘இனி ஆண்டவன் கையில்தான் இருக்கு’ என்று சொல்லும் டாக்டர். நூற்றுத் தொண்ணூறு படங்கள். அதில் ஒன்றில்கூட அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது.

ஒருநாள் கோரேகாவில் படப்பிடிப்பு இழுத்துவிட்டது. ஏழரை மணிக்கு இங்கே நாடகம். உடை மாற்ற நேரமில்லை. காக்கிச் சீருடையோடேயே ரயிலேறி, இந்த அரங்க வாசலில் வந்து இறங்கினார். அன்றைக்கு ‘அரங்கு நிறைந்தது’ பலகை மாட்டியிருந்தது. வாசலில் கள்ள டிக்கெட் விற்றுக்கொண்டிருந்த நான்கு பேர் இவரைப் பார்த்ததும் எடுத்தார்கள் ஓட்டம்! இவர் என்ன செய்தார்? பின்னாலேயே ஓடினார்! “அட நில்லுங்கப்பா! நான் நடிகன்பா! என் சம்சாரத்துக்கு ஒரு டிக்கெட் வேணும்!” என்று கத்திக்கொண்டே ஓடினார். வஹினி சிரிக்கிறார்கள். அன்றைக்கு உங்களுக்கு டிக்கெட் கிடைத்ததா வஹினி?

“எங்க கெடச்சுது? படிக்கட்டுல உக்காந்து பாத்தேன்!”

கேட்டீர்களா? படிக்கட்டு. சரி, இனி என் பாவக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முப்பத்தேழு வருடங்களுக்கு முன்னால் ‘கைத்தடி’ நாடகம். அதில் நான் அப்பாசாஹேப், ஒரு கால் ஊனமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த வேடத்தில் என்னை மகாராஷ்டிரமே தலையில் தூக்கிவைத்து ஆடியது. ‘அந்த நொண்டல் ஒரு கவிதை’ என்று ஒரு விமரிசகர் எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நூற்று அறுபத்து மூன்று காட்சி ஓடியது. நூற்று அறுபத்து நான்காவது காட்சிக்கு முந்தைய நாள் என் குரல் போய்விட்டது. தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்துவிட்டு டாக்டர் சொன்னார், “ஆறு மாசம் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் குரல் வருமா வராதான்னு பாப்போம்.” அவர் நிஜ டாக்டர்.

குரலில்லாத நடிகன் எதற்கு ஆவான்? நான் கையில் ஒரு சிலேட்டோடு படுத்துக் கிடந்தேன். என் வேடத்துக்கு மைஸ்கர் வந்தார். என் வயிறு எரிந்தது பாருங்கள், அப்படி எரிந்தது! என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

“அச்யுத்ராவ், மூணாவது அங்கத்துல மருமக கதவச் சாத்துனதும் கைத்தடிய மேஜையில சாத்துறீங்களா, சுவத்துலயா? பக்கத் திரையோரம் நின்னு உங்களப் பாத்தப்போ எனக்குச் சரியாத் தெரியல.”

நான் சிலேட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘பிணந்தின்னிக் கழுகு’ என்று எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்தார். பிறகு, “சரி, சுவத்துலயே சாத்துறேன். தப்பா இருந்தா நீங்க வந்து மாத்திக்கோங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

‘நீங்க வந்து’ என்றார். நான் திரும்பி வருவேன் என்று அப்போது என் டாக்டர் நம்பவில்லை, என் மனைவி நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அவர் ஒருவர்தான் நம்பினார். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே விமரிசகர் எழுதினார்: ‘புதிய அப்பாசாஹேபுக்கு எந்தக் கால் ஊனம் என்பதே தெரியவில்லை. முதல் அங்கத்தில் இடது காலை நொண்டுகிறார், இரண்டாம் அங்கத்தில் வலது காலை. இதுவா நடிப்பு?’ ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தமே வராமல்! அந்தத் துண்டை வெட்டித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தினமும் மாத்திரைக்கு முன்னால் ஒருமுறை, மாத்திரைக்குப் பின்னால் ஒருமுறை எடுத்துப் படித்தேன். மனிதன் இவ்வளவு கேவலமாக இருப்பானா? இருப்பான். இதோ நிற்கிறானே!

ஆறு மாதம் கழித்துக் குரல் வந்தது. ஒத்திகைக்கு வந்தேன். ஸ்ரீபாத்ராவ் பக்கத் திரையோரம் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். எல்லார் முன்னாலும் கேட்டேன், “என்ன ஸ்ரீபாத்ராவ், எந்தக் காலுன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் முதல் அங்கம் நடந்தேன், இடது காலை நொண்டிக்கொண்டு. இரண்டாம் அங்கத்தில் சோபா எதிர்ப்பக்கம் கிடக்கும். என் போக்கில் நடந்து போய் உட்கார்ந்தேன். சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறார்கள் என்று குனிந்து பார்த்தேன்.

நான் வலது காலை நொண்டி வந்திருந்தேன்.

நூற்று அறுபத்து மூன்று காட்சியும் அப்படித்தான் செய்திருக்கிறேன்! சோபா மாறிக் கிடந்ததால் காலும் மாறியிருக்கிறது, எனக்கே தெரியாது. என்னைப் பார்க்க வந்தவர்கள் அன்போடு பார்த்ததால் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. என்னைப் பார்த்து அப்படியே நடித்த அவரைச் சந்தேகத்தோடு பார்த்ததால் எல்லார் கண்ணிலும் பட்டது. தப்பு என்னுடையது, திட்டு அவருக்கு!

இடைவேளையில் அவரைத் தேடிப் போனேன். உருளைக்கிழங்கு வடை தின்றுகொண்டிருந்தார். இடைவேளையில் அவருக்கு இரண்டு வடை வேண்டும்...

“மூணு! ரெண்டு தின்னுட்டு, மூணாவத பாதியாக்கித் திம்பாரு.”

மூன்று. வஹினி சொன்னால் சரிதான். “ஏன்யா, அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?” என்று கேட்டேன்.

“மொத நாள்லயே தெரியும்.”

“அப்புறம் ஏன் திருத்தல? பேப்பர்ல கிழிச்சாங்களே, அது என் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

வடையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார், “வேஷம் உங்களோடது அச்யுத்ராவ். நான் திருத்திட்டா அது என்னோடதாயிடும். அப்புறம் நீங்க வந்து எங்க உக்காருவீங்க?”

பெரியோர்களே! அன்றைக்கு ஒப்பனை அறைக்குள் போனேன். கண்ணாடியின் எல்லா விளக்கும் எரிகிற முதல் நாற்காலி என்னுடையது. ஆறு மாதமும் அவர் அதில் உட்காரவில்லை என்று ஒப்பனைக்காரர் சொன்னார். மூன்றாவது நாற்காலியில், எரியாத விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பூச்சு போட்டுக்கொண்டாராம். என் நாற்காலியில் ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. பேருந்தின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அப்படி. யாராவது உட்காரப் போனால், “ஆள் வருது” என்பாராம்.

அன்றைக்கு ரேளே சாஹேப் அவரையே தொடரச் சொன்னார். அரங்கு நிறைந்துகொண்டிருந்ததால் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் பிழைப்பு அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீபாத்ராவ், “சாஹேப், ஆள் வந்தாச்சு” என்றார். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு என் பெயருக்கு முன்னால் நீங்கள் போடுகிற அத்தனை பட்டங்களும் அந்த இரண்டு வார்த்தையில் நிற்கின்றன. நன்றி என்று நான் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி, ஸ்ரீபாத்ராவ்! நன்றி! காலம் கடந்து சொல்வதற்கு மன்னியுங்கள்.

இப்போது கேதகி அவர்களிடம் வருகிறேன். இந்தப் பெண் போன வருடம் ‘தண்ணீர் வரும் நேரம்’ எழுதினார். சால் என்கிற பழைய ஒற்றை அறைக் குடியிருப்பில் தனியாக வாழும் கிழவர் தாத்யா. மனைவி மாலதி இறந்து வருடங்களாகிவிட்டன. மாடியில் எல்லாருக்கும் பொதுவான குழாயின் சாவி அவரிடம். அந்த வேடத்தை ஸ்ரீபாத் மைஸ்கருக்கென்றே எழுதினார் கேதகி! இரவல் சட்டை இல்லை. அவர் அளவுக்குத் தைத்த முதல் சட்டை. அழைப்பிதழில் பெயரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். “அச்யுத்ராவ், இதுல தப்பு பண்ணா என் தப்புதானே?” என்றார். “உங்களோடதேதான், தாராளமாப் பண்ணுங்க” என்றேன்.

பண்ணினார்! நாடகத்தின் முடிவில் குழாயில் தண்ணீர் சீறும். தாத்யா பழக்கதோஷத்தில் உள்ளே பார்த்து, “மாலதி, தண்ணி வந்துடுச்சு!” என்று கூப்பிட வேண்டும். மூன்றாவது நாள் காட்சியிலிருந்து நம்மாள் என்ன கூப்பிட்டார்? “குசும், தண்ணி வந்துடுச்சு!” அரங்கம் முழுக்க அழுதது. பெயர் மாறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. கேதகி கவனித்தார், பெரிய மனசு, விட்டுவிட்டார். வஹினியும் கவனித்தார்கள். வஹினி என்னிடம் சொன்னதை இங்கே சொல்லலாமா? சொல்லச் சொல்கிறார்கள். “நாப்பத்தாறு வருஷம் வீட்டுல விடிகாலைல எழுந்து நான்தான் தண்ணி பிடிச்சேன். இவரு போர்வைய இழுத்துப் போத்திக்குவாரு. மேடையில போய்க் கூப்பிடறாரு பாருங்க, கரிசனம்!”

பதினான்கு காட்சி. அதற்குள் நெஞ்சு வலி, மருத்துவமனை. அடுத்த காட்சி சனிக்கிழமை. ரேளே சாஹேப் என்னிடம் யாரைப் போடலாம் என்று கேட்டார். “என்னைப் போடுங்க” என்றேன். எழுபத்தெட்டு வயது எனக்கு. மூன்று நாளில் வசனம் ஏறுமா? ஏறவில்லை. சட்டைக்கையில் எழுதிக்கொண்டேன், தட்டில் எழுதிக்கொண்டேன், குழாயில்கூட எழுதி ஒட்டிக்கொண்டேன். இதை அவர் நாற்பத்தொரு முறை செய்தாரே, எப்படிச் செய்தார்? அடேயப்பா!

ஒப்பனை அறையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் நாற்காலியில் என் கைக்குட்டையை மடித்து வைத்தேன்.

மூன்றாவது மணி அடித்தது. திரைக்குப் பின்னால் நிற்கிறேன். அறிவிப்பு வந்தது: ‘இன்றைய காட்சியில் ஸ்ரீபாத் மைஸ்கருக்குப் பதிலாக அச்யுத் பர்வே நடிக்கிறார்.’ எனக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு. பொய் சொல்ல மாட்டேன். என் பெயரைக் கேட்டதும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஐம்பது வருடப் பழக்கம்!

‘ச்சே!’

அரங்கம் முழுக்க, ஒரே குரலில். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் ‘ச்சே’. ஆனால் அடுத்த நொடியே எனக்குப் புரிந்தது. இது எனக்கு விழுந்தது இல்லை, அவருக்கு விழுந்தது! நாற்பத்தைந்து வருடம் அவரைப் பார்த்து ‘ச்சே’ என்ற இந்த ஊர், அன்றைக்கு முதன்முதலாக அவர் இல்லையே என்று ‘ச்சே’ என்றது.

திங்கள்கிழமை பகல்தான் பார்க்க விட்டார்கள், மருத்துவமனைக்கு ஓடினேன். படுத்திருந்தார், கண் திறந்திருந்தது. சொன்னேன், “ஸ்ரீபாத்ராவ், அறிவிப்பு வந்ததும் ‘ச்சே’ன்னாங்க!”

“உங்களைப் பாத்தா?”

“உங்களைப் பாக்கக் கெடைக்கலையேன்னு.”

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. கண்ணோரம் நனைந்தது. பிறகு கேட்டார், “சத்தமாவா?”

“பால்கனி வரைக்கும்.”

சிரித்தார். குழாயெல்லாம் மாட்டியிருக்க, அப்படிச் சிரித்தார். நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினாள். மறுநாள் காலை அவர் இல்லை.

கேதகி நேற்று என்னிடம் மெதுவாகக் கேட்டார், “சார், நீங்களும் ‘குசும்’னே கூப்பிடறீங்க. புத்தகத்துல மாலதிதானே?” தெரியும் அம்மா. வேஷம் அவரோடது. நான் திருத்தினால் என்னோடதாகிவிடும். இந்த நாடகம் ஓடுகிற வரைக்கும், என் குரல் இருக்கிற வரைக்கும், குசும் என்றுதான் கூப்பிடுவேன். இது என் முதல் உறுதி.

இரண்டாவது உறுதி உங்களுக்கு, ரேளே சாஹேப். இன்று காலை விளம்பரத் தாளைக் காட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காட்சி, ‘தாத்யாவாக அச்யுத் பர்வே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “இனிமே ‘பதிலாக’ எதுக்கு அச்யுத்ராவ், அவருதான் இல்லையே” என்றீர்கள். தனியாக இருந்தபோது வாயை மூடிக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் மூடிக்கொண்டேன். அந்தத் தாளை மாற்றுங்கள். அவர் பெயர்தான் அச்சாக வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்றாவது மணி அடித்ததும் அதே அறிவிப்புதான் வர வேண்டும். ‘இன்றைய காட்சியில் ஸ்ரீபாத் மைஸ்கருக்குப் பதிலாக.’ ‘இன்றைய’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் நானும் இல்லை.

தலையாட்டுகிறார்! எல்லாரும் பார்த்தீர்கள் அல்லவா? சாட்சி நீங்கள்.

மூன்றாவது உறுதி நான் கொடுப்பதல்ல, ரசிகர்களே, நீங்கள் கொடுக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை நான்கரை மணிக் காட்சி. வாருங்கள். அந்த அறிவிப்பு வரும்போது என் மனசு நோகுமே என்று யாரும் கைதட்ட வேண்டாம். நான் திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அவர் பெயரைக் கேட்டதும், பால்கனி வரைக்கும் கேட்கிற மாதிரி, எல்லாருமாகச் சேர்ந்து ஒருமுறை ‘ச்சே’ என்று சொல்லுங்கள்.